கடல் கொண்ட கண்டமும் இரு அறிஞர்தம் கடிதங்களும்

குமரிக்கண்டம் பற்றித் தமிழில் எழுந்த நூல்கள் பலவற்றில் 'லெமூரியா' என்னும் பெயர் மேனாட்டு அறிவியலின் முத்திரையாகவே எடுத்தாளப்படுகின்றது. மடகஸ்காரின் லெமூர் இனங்களையும் நம் நாட்டுத் தேவாங்கையும் ஒரு குடியில் வைத்து விளக்கும் பொருட்டு, பிலிப் ஸ்கிளேற்றர் என்னும் விலங்கியலாளர் 1864 ஆம் ஆண்டில் அப்பெயரைச் சூட்டினார் என்பது நம்மவர் அறிந்ததே. ஆயின் அதற்கு எட்டாண்டு முன்னரே, கண்டங்கள் கடலுள் மூழ்கின என்னும் கோட்பாட்டை ஓர் இயற்கையியலாளர் தம் ஆசானாகிய புவிச்சரிதவியலாளரோடு கடித வாயிலாக வழக்காடி மறுத்தார் என்பது நம் எழுத்துக்களிற் பெரிதும் பேசப்படவில்லை. 1856 யூன் மாதத்திற் சாள்ஸ் டார்வின் சாள்ஸ் லயலுக்கு வரைந்த கடிதங்களையே ஈண்டு கருதுகின்றோம்.

லயலின் 'புவிச்சரிதவியற் கோட்பாடுகள்' என்னும் நூலின் முதற்றொகுதி 1830 இல் வெளிவந்தது. மறு ஆண்டு 'பீகிள்' கப்பலில் ஏறிய டார்வின் அதனைக் கையோடு கொண்டு சென்றார். நிலம் மெல்ல உயரும், மெல்லத் தாழும் என்பதை அவர் கற்றது அந்நூலிலேதான். ஆதலின் கடிதங்களில் நாம் காண்பது மாணாக்கன் ஆசானை ஆசானின் அளவுகோலாலேயே அளக்கும் காட்சியாகும். எட்வேட் ஃபோர்ப்ஸ் 1846 இல் அத்திலாந்திக்கில் ஒரு நிலத்தைப் படைத்துக்காட்டிய பின், தீவுதோறும் ஒரு கண்டத்தை ஒட்டவைப்பது ஆராய்ச்சியாளர்க்கு எளிதாகிவிட்டது. யூன் 16 ஆம் நாட் கடிதம் இப்போக்கை வெகுண்டு சாடுகின்றது. புவிச்சரிதவியலாளர்க்கென நரகம் ஒன்று இருப்பின், சீடரைத் தடுக்காத ஆசானும் அங்கே செல்ல நேரும் என்ற பொருள்பட அதில் ஒரு கேலியும் உண்டு. மதிப்பும் உரிமையும் இவ்வாறு கலந்து நிற்கும் உரைநடை நம் ஆய்வுலகில் அரிது. நாமோ ஆசானை மறுப்பதைக் குருத்துரோகமாகவே கருதி வந்துள்ளோம்.

யூன் 25 ஆம் நாட் கடிதம் சினந் தணிந்து சான்றுகளுக்கு வருகின்றது. பெருங்கடலின் நடுவிலுள்ள தீவுகள் பெரும்பாலும் எரிமலையாலோ பவளத்தாலோ ஆனவை. மூழ்கிய கண்டத்தின் மலைமுடிகள் அவையாயின், பழைய பாறைகள் அவற்றில் ஏன் தென்படவில்லை? நிலவழி இருந்திருப்பின் முலையூட்டிகள் ஏன் அங்குச் சென்று சேரவில்லை? இவ்வினாக்களின் ஆற்றல் அவற்றின் எளிமையிலேயே உள்ளது. மறுப்பதோடும் டார்வின் அமையவில்லை. வித்துக்களை உப்புநீரில் ஊறவைத்து ஆராய்ந்தார். 87 வகைகளில் 64 வகை, 28 நாள் ஊறிய பின்னும் முளைத்தன என 1859 இல் வெளிவந்த தம் பெருநூலிற் கணக்குத் தந்தார்.

இக்கடிதங்களை நாம் அண்மையிற் கித்துல்கலையில் இருந்தபோது மீளப் படித்தோம். களனி கங்கையின் கரையில், 1957 இற் திரைப்படம் ஒன்றிற்காகப் பாலம் ஒன்றைக் கட்டித் தகர்த்த இடம் அது. கற்பனைப் பாலங்களைத் தகர்க்கும் கடிதங்களைப் படிப்பதற்கு ஏற்ற இடமே! ஆயின் அங்குள்ள காடு டார்வினுக்கும் முழுமையாக இணங்கவில்லை. அங்கு ஓங்கி நிற்கும் ஹொர மரத்தின் வித்துக்குச் சிறகு உண்டெனினும் அது சில வாரங்களில் முளைதிறன் இழப்பது. உப்புநீரில் நெடுவழி செல்ல வல்லதன்று. அம்மரத்தின் குடும்பத்திற்கு ஆபிரிக்காவிலும் மடகஸ்காரிலும் உறவுகள் உள்ளன. கண்டமும் கடலும் தத்தம் இடத்தில் நிலைத்தவை என்ற டார்வினின் எண்ணம் இங்கே தடுமாறுகின்றது. நிலம் மூழ்கவில்லை, நகர்ந்தது. வெகனர் 1912 இல் முன்வைத்து 1960களில் உறுதிபெற்ற இவ்விடையை லயலும் அறியார், டார்வினும் அறியார். இந்தியாவும் மடகஸ்காரும் பிரிந்தது ஏறத்தாழ எட்டேமுக்காற் கோடி ஆண்டுகளுக்கு முன்னர். நகைப்புக்குரியது யாதெனில், லெமூரியாவுக்குப் பெயர் தந்த லெமூரின் மூதாதையரோ அப்பிரிவுக்குப் பின்னர் ஆபிரிக்காவிலிருந்து மிதக்கும் தாவரத் திரள்களிற் கடல் கடந்தவை என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் கருத்து. மரத்தைப் பொறுத்துத் தோற்ற டார்வின், லெமூரைப் பொறுத்து வென்றார்.

மனித இனத்தின் வயது ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுகளே. ஆதலின் அப்பழைய நிலத்திற் சங்கம் இருந்திருக்க இயலாது. இறையனார் களவியலுரை கூறும் கடல்கோட் செய்தி முற்றும் பொய் என்பது இதன் பொருளன்று. கடந்த பனியுகத்திற் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை அன்று நிலமாயிருந்து, பின்னரே நீரில் ஆழ்ந்தது. கரையை இழந்த நினைவு வேறு. கண்டத்தை இழந்த கதை வேறு. இவ்வேறுபாட்டைப் பேணாமையே நம் குமரிக்கண்ட நூல்களின் பெருங்குறை என்போம்.

இதனை எழுதுகையில் ஒரு தயக்கமும் நமக்கு உண்டு. அப்பகுதித் தோட்டப் பாடசாலை ஒன்றின் ஆசிரியர், "எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கதை பிடித்தமானது; அதை எப்படி மறுப்பது?" என நம்மை வினவினார். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்து, அதனை முழுமையாகப் பெற 2003 வரை காத்திருந்த மக்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். லயத்து அறையும் தமக்குச் சொந்தமில்லை என்றிருந்தோர்க்கு மூழ்கிய கண்டம் ஒன்று உரிமையாவது ஆறுதலே. கண்டத்தை மறுத்துவிட்டு வெறுங்கையோடு வருவது எமக்கும் உவப்பாயில்லை.

ஆகவே அப்பிள்ளைகளுக்குக் கித்துல்கலையின் பெலிலென குகையைப் பற்றிக் கூறினோம். சிரான் தெரணியகல அகழ்ந்த அக்குகையிற் சிறுகற் கருவிகளோடு, கடற்கரையிலிருந்து உப்புக் கொணரப்பட்டமைக்கான தடயமும் கிடைத்துள்ளது. அதன் காலம் கி.மு. 27,000 க்கும் முற்பட்டது என்பது அவர் முடிபு. பின்வரிசையிலிருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, "அந்த உப்ப எந்த வழியால கொண்டாந்திருப்பாங்க, சேர்? ஆத்தோரமாவா?" என்றான். டார்வின் லயலிடம் கேட்டதும் அவ்வகை வினாவே. ஆசிரியர் கரும்பலகையிற் களனி கங்கையை வரையத் தொடங்கினார்.