கிட்டியும் அண்ணாந்தாளும்: ஒரு பழைய அறிக்கையின் மதிப்பீடு

கிட்டி என்றவுடன் நமக்குக் கிட்டிப்புள் ஆட்டமே நினைவிற்கு வரும். 1855-இல் சென்னையில் அச்சான ஓர் ஆங்கில அறிக்கையிலோ அச்சொல் வேறு பொருளில் வருகின்றது. ஒரு முனையில் பிணைத்த இரு கோல்களுக்கிடையே விரல்களை வைத்து நெரிக்கும் கருவி அது. உடன் வரும் மற்றொரு சொல் அண்ணாந்தாள். கழுத்தையும் கால்விரலையும் கயிற்றாற் பிணித்து, மனிதனைக் குனிந்தபடியே வைத்திருக்கும் வதை அது.

சென்னை மாகாணத்துச் சித்திரவதைகளை ஆராய 1854-இல் அமைந்த குழுவின் அறிக்கை இது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்போர் அதன் உறுப்பினர். அந்நாளில் மலாக்காவும் அதே கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சியிலேயே இருந்தது. பின்னாளில் நம் முன்னோரிற் பலர் கப்பலேறியதும் அம்மாகாணத்து ஊர்களிலிருந்தே. ஆதலின் இஃது அயலார் கதையன்று.

அறிக்கையின் சிறப்பை முதலிற் கூறுவோம். வரி தண்டுதற்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்தற்கும் வதை நடந்தது உண்மை என அது மறைக்காமல் ஏற்றது. வரி தண்டும் தாசில்தாரிடமே காவல் அதிகாரமும் இருந்தமையைச் சுட்டி, இரண்டையும் பிரிக்க வேண்டும் என்றது. 1859-இல் சென்னைக் காவற்சட்டம் பிறந்தது. காவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம் விதித்தது. மலேசியாவின் 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் அதனை அடியொற்றி எழுந்ததே.

இனிக் குறையைக் காண்போம். பழி முழுவதையும் உள்நாட்டுச் சிற்றலுவலர்மேல் ஏற்றி, ஐரோப்பிய அதிகாரிகளைக் குழு விடுவித்துவிட்டது. சில திங்களுக்குள் வந்த முறையீடுகள் 1,959. நேரில் வந்தோர் மட்டும் 519 பேர். அருகிலிருந்த அதிகாரியிடம் நீதி கிடைத்திருப்பின், இத்தனை பேர் சென்னைக் குழுவை நாடியிருப்பரோ? குழு தந்த கணக்கே அதன் தீர்ப்பை மறுக்கின்றது.

முறையிட்டோர் தமிழிலும் தெலுங்கிலும் பேசினர். ஏடோ ஆங்கிலத்திற் பேசுகின்றது. அவர்தம் சொல்லிற் பெரும்பகுதி சுருக்கத்தில் மறைந்தது. மொழிபெயர்க்க இயலாமையால் எஞ்சியவை கிட்டியும் அண்ணாந்தாளும் போன்ற சில சொற்களே. 2005-இல் நம் நாட்டுக் காவல்துறை பற்றிய அரச ஆணையம் 125 பரிந்துரைகளை வழங்கிற்று. அதனைப் பயில்வோரும், முறையிட்டவன் குரல் எங்கே எனத் தேடுதல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒன்று கூறி முடிப்பேன். அண்ணாந்தாள் காவற்சாவடிக்கு மட்டும் உரிய சொல்லன்று. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அளித்த தண்டனைக்கும் அதுவே பெயர். அவ்வறிக்கையைப் படித்த பின்னர், இளமையில் நான் பிரம்பெடுத்த நாட்கள் நினைவிற்கு வந்தன. சிற்றலுவலரைப் பழித்த மூவரைக் குறைகூறும் நான், அவ்வதையை அவர்கள் முதலிற் கண்ட இடம் பள்ளியோ என்னும் ஐயத்தை ஒதுக்க முடியவில்லை.