ஓவியத்திரையும் அச்சுக்கல்லும்: பிரெஞ்சுப் புரட்சி ஓவியங்கள் குறித்து ஒரு நோக்கு

ஆயர் தாவார் வட்டாரத் தோட்டப்புற இல்லங்களில், சாமிப் படங்களுக்கு அருகே காந்தியடிகள், நேதாஜி ஆகியோரின் படங்கள் மாட்டப்பட்டிருந்ததை நம்மில் பலர் கண்டிருப்போம். பெரும்பாலும் அவை நாட்காட்டியிலிருந்து வெட்டியெடுத்துச் சட்டமிட்ட தாள்கள். எழுத்தறியாதார் வீட்டினுள்ளும் அரசியல் கருத்தொன்று படமாக நுழைய முடிந்தது. இதனை மனத்திற்கொண்டு பிரெஞ்சுப் புரட்சி ஓவியங்களை அணுகினால், அவை யாரிடம் சென்று சேர்ந்தன என்னும் வினா முதன்மை பெறுகிறது. அழகையும் கருத்தையும் விரித்துரைக்கும் திறனாய்வு, இவ்வினாவைப் போதிய அளவு எழுப்பியதில்லை என்பது நம் கருத்து.

ழாக் லூயி தாவீத் 1785இல் காட்சிக்கு வைத்த 'ஹொராத்தியர் சூளுரை' குடியரசு உணர்வின் முன்னோடியாகப் போற்றப்படுகிறது. ஆயினும் அஃது அரசவைக்காக வரையப்பட்டது என்பதை மறத்தலாகாது. அவருடைய உண்மையான புரட்சி ஓவியம் 1793இல் தீட்டிய 'மராவின் மரணம்' எனலாம். இதழாளரும் புரட்சித் தலைவருமான மரா, தோல்நோய் காரணமாகக் குளியல் தொட்டியில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது குத்திக் கொல்லப்பட்டார். தாவீத் படத்தின் மேற்பாதியை வெறுமையாக விட்டுவிடுகிறார். மேசைக்குப் பதில் ஒரு மரப்பெட்டி; அதன்மேல் ஐந்து பிள்ளைகளின் தாய்க்கு அனுப்பவேண்டிய பணத்தாளும் குறிப்பும். தலைவரின் எளிமைக்கு அப்பெட்டியே சான்றாகிறது. பலகைப்பெட்டியை மேசையாகக் கொண்ட லயத்து வீடுகளை அறிந்தவர்க்கு இக்குறிப்பு எளிதில் விளங்கும். இத்தகைய ஓவியத்தைத் தந்த அதே கை, பின்னர் நெப்போலியனின் முடிசூட்டு விழாவையும் பெருந்திரையில் தீட்டியது வேறு கதை.

எழேன் தெலக்ருவாவின் 'மக்களை வழிநடத்தும் விடுதலை' 1830 சூலைப் புரட்சியைப் பாடுவது. விடுதலை இங்கே பெண்ணுருக் கொள்கிறாள். ஒரு கையில் மூவண்ணக்கொடி, மறு கையில் துப்பாக்கி. அவள் முன்னேறும் வழியில் பிணங்கள் கிடக்கின்றன. அவநீந்திரநாத் தாகூர் 1905இல் வரைந்த பாரதமாதாவை இவளோடு ஒப்பிடுதல் தகும். அன்னையின் நான்கு கைகளில் உணவும் உடையும் ஏடும் செபமாலையும் உள்ளன. அவள் அசையாது நின்று அருள்கிறாள். பிரெஞ்சுப் பெண்ணோ புழுதியில் நடக்கிறாள். அவள் தோற்றம் நாகரிகமற்றது என அக்காலத் திறனாய்வாளர் முகஞ்சுளித்தனர். நமக்கோ அப்புழுதியே அவளை மக்களுள் ஒருத்தியாக்குகிறது. எனினும், 1831இல் இவ்வோவியத்தை விலைகொடுத்து வாங்கிய அரசு, சில காலத்திலேயே அதனைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து அகற்றிவிட்டது. உள்ள படம் ஒன்றே ஆயின், அதனை மறைப்பது எளிது.

இவ்விடத்தில்தான் ஒனொரே தோமியே வேறுபடுகிறார். அவர் கல்லச்சில் வரைந்தார். ஒரு கல்லிலிருந்து பல படிகள் பிறந்தன. மன்னர் லூயி பிலிப்பை மக்கள் செல்வத்தை விழுங்கும் பேருருவினராகக் காட்டியமைக்காக 1832இல் சிறை சென்றார். 1834 ஏப்ரலில் பாரிசின் திரான்ஸ்நொனேன் தெருவில் படையினர் ஒரு குடியிருப்புக்குள் புகுந்து அங்கிருந்தோரைக் கொன்றனர். தோமியே அதனை வரைந்தபோது கொடியையோ வீரரையோ காட்டவில்லை. இரவுடையில் சரிந்து கிடக்கும் ஒருவர், அவர் உடலுக்கடியில் ஒரு குழந்தை, கலைந்த படுக்கை ஆகியவற்றைக் காட்டினார். விடுதலையின் பெருமையைப் பேசும் தெலக்ருவாவைவிட, விடுதலையின்மையின் விலையைக் காட்டும் இப்படமே நம்மை மிகுதியும் உலுக்குகிறது. காவல்துறை அச்சுக்கல்லையும் எஞ்சிய படிகளையும் கைப்பற்றியது. முன்னரே வெளியே சென்றவை தப்பின.

பிரெஞ்சுப் புரட்சியின் முழக்கம் தமிழ்ப் படத்தோடு கைகோத்ததும் இவ்வச்சு வழியிலேயே ஆகும். 1906இல் சென்னையில் தோன்றிய 'இந்தியா' வார இதழ், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் சொற்களைத் தன் முகப்பில் தாங்கியது. பாரதியார் அதில் கருத்துப்படங்களை வெளியிட்டு, அவற்றுக்கு விளக்கமும் எழுதினார். விளக்கம் தேவைப்பட்டது ஏன்? தமிழ் வாசகர்க்குத் தெய்வப்படத்தை வாசிக்கத் தெரியும். அரசியல் படம் அவர்க்குப் புதிது. அவ்வகையில் 'இந்தியா' படத்தோடு அதனைப் பார்க்கும் முறையையும் கற்பித்தது. அடக்குமுறைக்குப் பின் 1908இல் இதழ் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்தது. அம்முழக்கத்தைத் தந்த நாடே அங்கே குடியேற்ற ஆட்சியாளராகவும் இருந்தது என்னும் முரணை நாம் கருதாமல் இருக்கவியலாது. ஆயினும் அந்நிழலே பாரதியாரின் அச்சகத்தைக் காத்தது. பாரிசுக் காவலர் தோமியேயின் கல்லைப் பறித்தனர். புதுச்சேரி அச்சகத்தைத் தொடமுடியாத ஆங்கில அரசோ, இதழ் தன் எல்லைக்குள் வாராமல் தடுத்தது. 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றுபோயிற்று.