பேசுவது யார் என்று கேட்காத பாடம்

தமிழ்நாடு அரசின் மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூல்களை எடைபோடுகிறவர்கள் வழக்கமாக இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பாடம் காலத்துக்கு ஏற்றதா? தமிழ்வழி மாணவருக்கு மொழி எட்டுகிறதா? மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு வகுத்த கலைத்திட்டத்தின்படி 2018-இல் வந்த பதினொன்றாம் வகுப்பு நூலும், 2019-இல் வந்த பன்னிரண்டாம் வகுப்பு நூலும் இந்த இரண்டிலும் தேறிவிடும். நான் எடுத்துக்கொள்வது மூன்றாவது கேள்வியை. எழுதிய நிரல் ஓடாமல் நிற்கும்போது இந்த நூல்கள் மாணவர் கையில் என்ன கொடுக்கின்றன?

புதுக்கோட்டை மாவட்டத்தை மனத்தில் வைத்தே இதைக் கேட்கிறேன். சென்னையில் நிரல் ஓடவில்லையென்றால் அடுத்த மாடியில் கேட்க ஓர் அண்ணன் இருப்பார். ஆவுடையார்கோவிலிலும் கறம்பக்குடியிலும் ஆசிரியர் அடுத்த வகுப்புக்குப் போன பிறகு மிஞ்சுவது புத்தகம்தான். எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கம் 1991-இல் இந்த மாவட்டத்தில்தான் நடந்தது. கற்றவர் பிறர் துணையில்லாமல் போய்வர முடிகிறதா என்று பார்ப்பது இங்கே பழகிய அளவுகோல்.

முதலில் நூலின் பெரிய சாதனை. முந்தைய பாடநூல் டர்போ சி++ வழக்கில் எழுதப்பட்டது. ஐயோஸ்ட்ரீம்.ஹெச், கோனியோ.ஹெச், வாய்ட் மெயின், திரையைத் துடைக்கும் சிஎல்ஆர்எஸ்சிஆர் ஆகிய நான்கும் 1990-களின் தொடக்கத்தில் போர்லாண்ட் நிறுவனம் விற்ற கம்பைலரின் பழக்கங்கள். சி++ மொழிக்கு 1998-இல் ஐஎஸ்ஓ தரம் வந்த பின்பும் அவை நம் ஆய்வகங்களில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருந்தன. 2011-இல் விலையில்லா மடிக்கணினி வந்தபோது விண்டோஸோடு சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. பாடநூல் நிரலை அந்த லினக்ஸில் தட்டி, ஜிசிசி தொகுப்பின் சி++ கம்பைலரான ஜி++ இடம் கொடுத்தால் முதல் வரியிலேயே அது கைவிரித்துவிடும், ஏனென்றால் அந்தப் பழைய தலைப்புக் கோப்புகளை ஜிசிசி தன் 4.3 பதிப்பில், 2008-இலேயே நீக்கிவிட்டது. அதைத் திருத்தினால் கோனியோ.ஹெச் இல்லை என்று மறுபடி நிற்கும். அதையும் எடுத்துவிட்ட பிறகுதான் மீதி எல்லாம் ஒன்றாகக் கொட்டும்: சிஎல்ஆர்எஸ்சிஆர் அறிவிக்கப்படவில்லை, சிஅவுட் இந்த எல்லைக்குள் இல்லை, மெயின் முழு எண்ணைத் திருப்ப வேண்டும். ஒரு தடையை நீக்கினால்தான் அடுத்தது தெரியும் என்பது கம்பைலரின் இயல்பு. மாணவருக்கோ, திருத்தத் திருத்தப் பிழை பெருகுவதாகத் தோன்றும்.

2018 நூல் இந்தப் பழக்கத்தை ஒரேயடியாக வெட்டி எறிந்தது. தலைப்புக் கோப்பு தரத்தின்படி இருக்கிறது, மெயின் முழு எண்ணைத் திருப்புகிறது, பயிற்சிக்கு இலவச தேவ் சி++ பரிந்துரைக்கப்படுகிறது. அதற்குள் இயங்குவது ஜிசிசி என்பதால் பள்ளியில் எழுதிய நிரல் லினக்ஸிலும் அப்படியே ஓடும். பல பொறியியல் கல்லூரிகள் டர்போவை விடாமல் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் பள்ளிப் பாடநூல் இந்த முடிவை எடுத்தது. இதைக் குறைத்து மதிப்பிடுகிறவர் பழைய நூலைப் புரட்டிப் பார்க்காதவர்.

சிக்கல் ஒன்பதாம் பாடத்தில் தொடங்குகிறது. நிரலை எழுதுதல், சேமித்தல், கம்பைல் செய்தல், இயக்குதல் என்று நான்கு படிகளை நூல் சொல்கிறது. கம்பைலர் நூலகக் கோப்புகளை மூல நிரலோடு இணைத்துவிட்டு, பிறகு வரிவரியாகச் சரிபார்க்கிறது என்பது அதன் விளக்கம். நடப்பது தலைகீழ். ப்ரீபிராசஸர் தலைப்புக் கோப்புகளை உள்ளே கொண்டுவருகிறது, கம்பைலர் சரிபார்த்து மாற்றுகிறது, அசெம்பிளர் ஆப்ஜெக்ட் கோப்பாக்குகிறது, அதன் பிறகே லிங்கர் நூலகத்தை இணைக்கிறது. பள்ளி நூலுக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். வரிசை தவறியதன் விலை சில பத்திகள் தள்ளி, பிழைகளை வகைப்படுத்தும் இடத்தில் தெரிகிறது.

தொடரியல் பிழை, தருக்கப் பிழை, இயக்க நேரப் பிழை என்று நூல் மூன்று வகை சொல்கிறது. ஒரு மாணவி செயற்கூற்றை முன்கூட்டி அறிவித்து, மெயினில் அழைத்து, அதன் உடலை எழுத மறந்துவிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இலக்கணம் சரி, எனவே தொடரியல் பிழை இல்லை. நிரல் ஓடவே இல்லை, எனவே மற்ற இரண்டும் இல்லை. திரையில் வருவது ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’. மெயின் என்பதன் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகத் தட்டினாலும் இதேதான் வரும். தொடக்க மாணவர் அடிக்கடி சந்திக்கும் இந்தப் பிழைக்கு நூலின் வகைப்பாட்டில் இடமே இல்லை. லிங்கர் என்ற படியைக் கம்பைலருக்குள் புதைத்துவிட்ட நூல், அது பேசும் பிழையை எங்கே வைக்கும்?

இயக்க நேரப் பிழைக்கு நூல் தரும் எடுத்துக்காட்டும் உறுத்துகிறது. இல்லாத கோப்பைத் திறக்க முயல்வது என்கிறது. சி++ மொழியில் இல்லாத கோப்பைப் படிக்கத் திறந்தால் நிரல் நிற்காது, எச்சரிக்கையும் வராது. ஸ்ட்ரீம் தோல்வி நிலைக்குப் போகும், அவ்வளவுதான். நிரல் தொடர்ந்து ஓடி வெற்று விடையைத் தரும். பைத்தானில் இந்த எடுத்துக்காட்டு பொருந்தியிருக்கும். சி++ பாடத்தில் அது மாணவரை வராத செய்திக்காகக் காத்திருக்க வைக்கிறது.

மூன்று வகையும் பிழையின் தன்மையைச் சொல்கின்றன. பழுது பார்ப்பவருக்கு அதற்கு முன்பே தேவைப்படும் கேள்வி வேறு: இந்தச் செய்தியைச் சொல்வது யார்? ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்றால் பேசுவது ஷெல். கம்பைலர் இன்னும் காட்சிக்கே வரவில்லை, நிரலுக்குள் தேடுவது வீண். ‘ஃபேட்டல் எரர்’ என்று ஒரு தலைப்புக் கோப்பின் பெயரோடு நின்றால் பேசுவது ப்ரீபிராசஸர். பெயரைத் தப்பாகத் தட்டியிருக்கலாம். பெயர் சரியென்றால் லினக்ஸில் பெரும்பாலும் ‘-டெவ்’ என்று முடியும் பொதியை நிறுவாததே காரணம். கோப்புப் பெயர், வரி எண், எழுத்து எண் மூன்றையும் சொல்லி இலக்கணக் குறை பேசினால் அது கம்பைலர். ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்று தொடங்கிக் கடைசி வரியில் ‘கலெக்ட்2’ என்று வந்தால் லிங்கர். அங்கே கட்டளையின் வரிசையையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் லிங்கர் இடமிருந்து வலமாகப் படிக்கும், நூலகத்தின் பெயர் அதைக் கேட்கும் கோப்புக்குப் பின்னால் வர வேண்டும். எல்லாம் முடிந்து, ஓட்டும்போது ‘ஷேர்டு லைப்ரரி’ திறக்கவில்லை என்று வந்தால் லோடர். ஒரு பக்கத்தில் அடங்கும் செய்தி இது. தேவ் சி++ பற்றிச் சொல்லும்போது, பிழை இருந்தால் கம்பைல் லாக் பகுதியில் தெரியும் என்று சொல்லி நூல் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. அங்கே தெரிவதை எப்படிப் படிப்பது என்பதுதான் பாடம்.

குற்றம் முழுவதும் நூலுடையது அல்ல. கம்பைலர்களே நெடுங்காலம் மோசமாகப் பேசின. பிழையான இடத்தின் கீழே குறி போட்டுக் காட்டும் வழக்கம், போட்டிக் கம்பைலரான கிளாங் கொடுத்த நெருக்கடிக்குப் பிறகு, 2013-இல் ஜிசிசி 4.8 பதிப்பில்தான் வந்தது. நூல் வந்த நாளில் பரவலாக இருந்த தேவ் சி++ 5.11 பதிப்போடு வந்தது ஜிசிசி 4.9.2. அரைப்புள்ளி விட்டுப்போனால் அது அடுத்த வரியைக் குற்றம் சாட்டும். மாணவர் குற்றமற்ற வரியை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். விடுபட்ட இடத்தையே சுட்டும் திருத்தம் ஜிசிசி 8 பதிப்பில் வந்தது, அதாவது 2018 மே மாதம், நூல் அச்சேறிய அதே பருவத்தில். இன்னொன்று, சிஇன்னுக்குப் பக்கத்தில் அம்புக்குறியைத் திருப்பிப் போட்டுவிட்டால் பொருந்தக்கூடியவை இவை இவை என்று ஜிசிசி திரை திரையாகப் பட்டியல் போடும். பிழை ஒரே ஒரு குறியில். முதல் பிழையை மட்டும் படி, அதைத் திருத்தி மறுபடி கம்பைல் செய், வரி எண் பொய் சொன்னால் மேல் வரியைப் பார் என்று ஒரு வரிப் பெட்டிச் செய்தி போட்டிருந்தால் போதும். இவ்வளவு குழப்பமாகப் பேசும் கருவியைப் பரிந்துரைக்கும் நூலுக்கு அந்தக் கடமை கூடுதலாகவே இருந்தது.

ஐந்தாம் பாடத்தில் விண்டோஸுக்குப் பக்கத்தில் உபுண்டுவும் இருக்கிறது. அரசுப் பாடநூல் கட்டற்ற மென்பொருளுக்கு இடம் கொடுத்ததைப் பாராட்டுகிறேன். ஆனால் அது காட்டும் உபுண்டு, ஐகான்களின் பட்டியல்: இது கோப்பு, இது ஃபயர்ஃபாக்ஸ், இது குப்பைத்தொட்டி. காட்டப்படும் யூனிட்டி முகப்பை 2017 அக்டோபரிலேயே உபுண்டு கைவிட்டது. 16.04 நீண்டகால ஆதரவில் இருந்ததால் அதை மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது, ஒரே அட்டைக்குள் இருக்கும் ஐந்தாம் பாடமும் ஒன்பதாம் பாடமும் சந்திக்கவே இல்லை என்பது. உபுண்டுவில் ஜி++ தானாக இருக்காது, பில்டு-எசென்ஷியல் பொதியை நிறுவ வேண்டும் என்ற ஒரு வாக்கியம் எங்கும் இல்லை. உபுண்டுவைப் படித்த மாணவர், சி++ படித்த மாணவர், இருவரும் ஒருவரே; நூல் அவரை இரண்டு ஆளாக வைத்திருக்கிறது.

நிறுவும்போது வரும் தடைகள் பற்றி நூல் மௌனம். பொதி கிடைக்கவில்லை என்று உபுண்டுவின் நிறுவல் கருவியான ஏபிடி சொன்னால், பட்டியலைப் புதுப்பிக்காததே பெரும்பாலும் காரணம். பூட்டு கிடைக்கவில்லை என்றால் பின்னணியில் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும்; பூட்டுக் கோப்பை அழிக்காமல் காத்திருப்பதே சரி. நடுவில் கரன்ட் போய் நிறுவல் பாதியில் நின்றால், ஏபிடிக்கு அடியில் இயங்கும் டிபிகேஜி, தன்னைச் சரிசெய்ய என்ன தட்ட வேண்டும் என்பதை அந்தச் செய்தியிலேயே எழுதிக் காட்டும். பழைய விலையில்லா மடிக்கணினிகளில் இன்னொரு தொல்லை உண்டு. மதர்போர்டு பேட்டரி செத்துப்போயிருக்கும், நேரத்தைத் தக்கவைக்காது, ஒவ்வொரு முறையும் தேதி பழைய ஆண்டுக்கு ஓடிவிடும். அப்போது ஏபிடி, களஞ்சியத்தின் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று சொல்லும். நிரல்களைக் கட்டும் கருவியான மேக், எதிர்காலத்தில் திருத்தப்பட்ட கோப்பு என்று புலம்பும். நெட்வொர்க்கையும் நிரலையும் நோண்டிக் களைத்த பிறகே கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றும். இந்த அளவுக்கு ஒரு பாடநூல் இறங்க வேண்டாம்தான். ஏபிடியின் மூன்று செய்திகளையாவது படிக்கக் கற்றுத்தந்திருக்கலாம்.

இதையெல்லாம் தமிழில் எழுத முடியாது என்ற சமாதானம் செல்லாது. 2012-இல் தொடங்கிய கணியம் மின்னிதழும், நித்யா துரைசாமியின் எளிய தமிழில் வரிசை நூல்களும் லினக்ஸ் கட்டளைகளைத் தமிழில் விளக்கிக் காட்டியிருக்கின்றன.

பன்னிரண்டாம் வகுப்பின் பதினான்காம் பாடம் துணிச்சலானது. சி++ நிரலைப் பைத்தான் வழியாகக் கம்பைல் செய்து ஓட்டுகிறது. கட்டளை வரி, ஜி++, கெட்ஆப்ட் எல்லாம் முதன்முறையாக மாணவர் கைக்கு வருகின்றன. ஆனால் செயல்பாடு கருத்தைக் கெடுத்துவிட்டது. சிதைப்ஸ், ஸ்விக், பூஸ்ட் பைத்தான் போன்ற இடைமுகங்களின் பட்டியலில் மிங்ஜிடபிள்யூவையும் சேர்த்திருக்கிறார்கள். அது இடைமுகம் அல்ல, விண்டோஸுக்கான ஜிசிசி கருவித்தொகுப்பு. அதைவிட மோசம் மாதிரி நிரல். ஓஎஸ்.சிஸ்டம் மூலம் ஜி++ஐ அழைக்கிறது, அது திருப்பித்தரும் எண்ணைப் பார்ப்பதில்லை, அடுத்த வரியில் எக்ஸி கோப்பை ஓட்டிவிடுகிறது. சரியாக இருந்த நிரலை மாணவர் ஒருமுறை ஓட்டிவிட்டு, பிறகு அதில் பிழையோடு மாற்றம் செய்தால் என்ன நடக்கும்? கம்பைல் தோற்கும். முந்தைய எக்ஸி அதே இடத்தில் இருக்கும். பிழைச் செய்திக்குக் கீழேயே பழைய விடை அழகாக வந்து நிற்கும், மாற்றம் வேலை செய்யவில்லை என்று அவர் தன் தருக்கத்தைச் சந்தேகிப்பார். லினக்ஸில் வெறும் பெயரைக் கொடுத்தால், நடப்புக் கோப்புறை தேடும் பாதையில் இல்லாததால், கோப்பே இல்லை என்ற பதில் வரும். ஒன்பதாம் பாடத்தின் குறை விடுபடல். இது தவறான பழக்கத்தை மாதிரியாக முன்வைப்பது.

ஆகவே தீர்ப்பு ஒன்றல்ல. பதினொன்றாம் வகுப்பு நூல், மொழியைத் தரத்துக்குக் கொண்டுவந்த சாதனைக்காகத் தேறுகிறது. பிழையைக் கையாளும் பகுதி தேறவில்லை, ஆனால் இரண்டு பக்கச் சேர்க்கையில் தேறக்கூடியது. பன்னிரண்டாம் வகுப்பின் பதினான்காம் பாடம் தன் நோக்கத்திலேயே தோற்கிறது. திரும்பும் எண் சுழியா என்று பார்க்கும் ஒரு நிபந்தனை வரியால் அதன் மாதிரி நிரலைக் காப்பாற்றலாம், மிங்ஜிடபிள்யூவைப் பட்டியலிலிருந்து வெளியே எடுக்கலாம். எழுத்துத் தேர்வுக்கு 70, அக மதிப்பீட்டுக்கு 10, செய்முறைக்கு 20 என்பது இன்றைய பகிர்வு. அந்த இருபதில் ஒரு பங்கை, லிங்கர் படியில் நிற்கும் நிரல் ஒன்றைக் கொடுத்து, நின்ற படியின் பெயரைச் சொல்லி ஓடவைப்பதற்கு ஒதுக்கினால், அந்த இரண்டு பக்கத்தை எழுதும்படி நூலாசிரியர்களைத் தேர்வே நெருக்கும்.