மனிதர் நீக்கப்பட்ட யுத்தம்: 'புறொபொரெக்ரர்' வீடியோ விளையாட்டை முன்வைத்து

இலக்கியமும் சினிமாவும் பேசப்படும் பக்கங்களில் ஒரு வீடியோ விளையாட்டுக்கு என்ன வேலை என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆனால் இங்கே வளரும் எங்கள் பிள்ளைகளில் பலருக்கு யுத்தம் பற்றி முதன்முதலில் கதை சொல்வது இந்த விளையாட்டுகள்தான். அம்மம்மாவோ புத்தகமோ சொல்ல முன்னரே அவை சொல்லிவிடுகின்றன. அவை எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்று பார்ப்பதும் விமர்சனத்தின் வேலைதான்.

யப்பானிய நிறுவனமான கொனாமி 1987 இல், காசு போட்டு விளையாடும் இயந்திரங்களுக்காக 'கொன்ட்ரா' என்ற விளையாட்டை வெளியிட்டது. அடுத்த வருடம் அது நின்ரெண்டோவின் வீட்டுப் பெட்டிக்கு வந்தது. பில், லான்ஸ் என்று இரண்டு படையாட்கள். மேற்சட்டை இல்லாத உடம்பு, கையில் துவக்கு. ஓட வேண்டும், பாய வேண்டும், படுக்க வேண்டும், எந்நேரமும் சுட வேண்டும். காடு, கோட்டை, நீர்வீழ்ச்சி, பனிவெளி என்று எட்டுக் கட்டங்களைக் கடந்து, கடைசியில் வேற்றுக்கிரகப் பிராணியின் இதயத்தைச் சுட்டு முடிக்க வேண்டும்.

இது நன்றாகச் செய்யப்பட்ட விளையாட்டு என்பதை முதலில் ஒத்துக்கொள்வோம். ஒரே ஒரு குண்டு பட்டாலும் சாவு. இருப்பது மூன்று உயிர். எதிரி எங்கிருந்து வருவான் என்பதை விரல்கள் பாடமாக்கிக்கொள்ளும்வரை திரும்பத் திரும்பச் சாக வேண்டும். இருவர் சேர்ந்து விளையாடினால் நீர்வீழ்ச்சியில் ஒரு சங்கடம் உண்டு. ஒருவன் அவசரப்பட்டு மேலே ஏறினால் திரையும் அவனோடு ஏறும். கீழே பிந்தி வருபவன் திரைக்கு வெளியே விழுந்து செத்துப்போவான். முந்தி ஓடியவன் பிந்தி வந்தவனைக் கொன்றுவிடுகிறான். யுத்தம் பற்றி இந்த விளையாட்டு தெரிந்தோ தெரியாமலோ சொன்ன ஒரு உண்மை இது.

'கொன்ட்ரா' என்ற பெயரை எண்பதுகளின் அரசியலை அறிந்த எவரும் சும்மா கடந்துபோக முடியாது. 1979 இல் நிக்கரகுவாவில் ஆட்சிக்கு வந்த சன்டினிஸ்ராக்களுக்கு எதிராக, றேகனின் அமெரிக்கா பணமும் ஆயுதமும் கொடுத்து வளர்த்த படைகளின் பெயர் அது. ஈரானுக்கு இரகசியமாக ஆயுதம் விற்ற பணம் அவர்களுக்குப் போன விவகாரம் 1986 நவம்பரில் வெளிவந்தது. சில மாதங்களில் இந்த விளையாட்டும் வந்தது. அதன் முடிவில் வரும் இசைக்கு வைக்கப்பட்ட பெயர் 'சன்டினிஸ்ரா'. அமெரிக்கப் பதிப்பின் கையேடோ கதையை அமேசன் காட்டில் நடத்தி, அருகில் மாயா நாகரிகத்தின் இடிபாடுகள் இருப்பதாகச் சொல்கிறது. மாயர்கள் வாழ்ந்தது மத்திய அமெரிக்காவில். கையேடு எழுதியவருக்கு எல்லாக் காடும் ஒரே காடு.

இனி ஜேர்மனிக்கு வருவோம். ஐரோப்பாவில் 1990 இல் நின்ரெண்டோவுக்கு இது வெளிவந்தபோது பெயர் 'புறொபொரெக்ரர்' என்று மாறியிருந்தது. பில்லும் லான்சும் காணாமற்போயிருந்தார்கள். அவர்களுடைய இடத்தில் ஆர்.டி. 008, ஆர்.சி. 011 என்ற இரண்டு றோபோக்கள். மனித உருவில் வந்த எதிரிகளிலும் பலர் இரும்பாகிவிட்டார்கள். ஜேர்மனியின் இளைஞர் பாதுகாப்புச் சட்டமே இதற்குக் காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இளைஞருக்குத் தீங்கான வெளியீடுகளைப் பட்டியலிடும் மத்திய சபை 1954 இலிருந்து இயங்கியது. 1984 இல் அது முதற்தடவையாக வீடியோ விளையாட்டுகளையும் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் விழுந்ததைப் பிள்ளைகளுக்கு விற்க முடியாது, வெளிப்படையாக விளம்பரம் செய்யவும் முடியாது. வியாபாரிகளுக்கு இதைவிட, மனிதரை எடுத்துவிடுவது மலிவு. 1998 இல் 'ஹாஃப் லைஃப்' என்ற விளையாட்டின் ஜேர்மன் பதிப்பிலும் படையினர் றோபோக்களாக்கப்பட்டார்கள். அதில் வரும் விஞ்ஞானிகள் சுடப்பட்டால் சாகாமல் நிலத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டுவார்கள்.

என்ன மாறியது? தோல் மட்டும். துவக்கு அதே துவக்கு, காடு அதே காடு. றோபோவும் குண்டு வரும்போது குப்புறப் படுக்கிறது. இரும்பு எதற்காகப் படுக்க வேண்டும்? தசையும் பயமும் உள்ள உடம்புதான் வெடிச்சத்தம் கேட்டதும் நிலத்தோடு ஒட்டும். மனிதனை எடுத்தவர்களால் அவனுடைய பயத்தை எடுக்க முடியவில்லை. அது அந்தப் படுக்கையில் மிஞ்சிக் கிடக்கிறது.

நான் 'கொன்ட்ரா'வை முதலில் விளையாடியது வவுனியாவில். 2002 இல் ஏ-9 வீதி திறந்து, சமாதானம் என்று எல்லோரும் பேசிய நாட்கள். நின்ரெண்டோவைப் பார்த்துச் செய்த மலிவான 'ரீவி கேம்' பெட்டியில் அது இருந்தது. சென்றியில் நின்ற ஆமிக்காரனைக் கடந்துபோய், சிநேகிதன் வீட்டில் மனிதரைச் சுட்டு விளையாடினோம். இங்கே றெஸ்ரோறன்ற் வேலை முடிந்த ஒரு இரவு, கூட வேலை செய்பவர் பழைய சாமான் சந்தையில் வாங்கிய பெட்டியில் 'புறொபொரெக்ரர்' விளையாடியபோது விரல்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. யுத்தம் நடந்த நாட்டுப் பிள்ளைகளின் கைக்கு மனிதர் கிடைத்தார்கள். சமாதானமான நாட்டுப் பிள்ளைகளுக்கு இரும்பு கிடைத்தது.

இந்தச் சட்டத்தைக் கேலி செய்வது என் நோக்கமல்ல. ஒரு சனத்தை மனிதரல்ல என்று முதலில் எழுதி, பின்னர் கொன்ற வரலாறு இந்த நாட்டுக்கு உண்டு. பிள்ளைகளின் கையில் எதைக் கொடுப்பது என்று அது யோசிப்பதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த யோசனை தவறான இடத்தில் போய் முட்டியது. 1992 இல் 'ஈவில் டெட்' என்ற திகில் படம் தொடர்பான வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு விசித்திரமான கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நடைப்பிணங்கள் மனிதரா? குற்றவியற் சட்டத்தின் 131 ஆம் பிரிவு மனிதருக்கு எதிரான வன்முறையைத்தான் சொல்கிறது, அதற்குள் நடைப்பிணங்களை அடக்க முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004 இல்தான் 'மனிதரை ஒத்த உயிரிகள்' என்ற சொற்கள் அந்தப் பிரிவில் சேர்க்கப்பட்டன. மனிதரல்ல என்று ஒரு பெயர் கொடுத்தால் எதையும் செய்யலாம் என்ற ஓட்டையைச் சட்டமே பிந்தித்தான் கண்டது.

அந்த ஓட்டை எங்களுக்குப் புதிதல்ல. 'சமூக விரோதி' என்று ஒரு மட்டையை எழுதித் தொங்கவிட்டதும் மின்கம்பத்தில் கட்டப்பட்டவன் மனிதனாக இல்லாமற்போனான். 'துரோகி' என்றதும் 'களையெடுப்பு' என்றார்கள். களைக்குத் தாய் கிடையாது, பிள்ளை கிடையாது. அரசாங்கம் 2009 இல் தன் யுத்தத்துக்கு 'மனிதாபிமான நடவடிக்கை' என்று பெயர் வைத்தது. பொதுமக்கள் ஒருவருக்கும் சேதமில்லை என்பதே தன் கொள்கை என்றது. 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் எழுதியது. 'புறொபொரெக்ரர்' செய்ததும் இதே வேலையின் ஒரு சின்ன, அப்பாவித்தனமான வடிவம். கொலையை அப்படியே வைத்துக்கொண்டு, கொல்லப்பட்டவனை மட்டும் எடுத்துவிடுவது.

இரண்டு பதிப்புகளுக்கும் பொதுவான குறை இதைவிடப் பெரிது. எட்டுக் கட்டங்களிலும் ஒரு வீடு இல்லை, ஒரு கிணறு இல்லை, தறப்பாள் கூடாரம் ஒன்றுகூட இல்லை. சனமே இல்லை. மனிதன் இருந்த பதிப்பிலும் இருந்தவன் துவக்கு வைத்திருந்த மனிதன் மட்டும்தான். யுத்தத்தில் அதிகம் சாகிறவர்களை அது ஒருநாளும் வரைந்ததில்லை. தணிக்கை செய்தவர்களும் அவர்களைத் தேடவில்லை. ஒரு சண்டையைச் சனமில்லாத காட்டில் நடத்திக் காட்டுவதுதான் இந்த விளையாட்டின் உண்மையான பொய். அதற்கு இரும்பு பூசினாலும் ஒன்று, பூசாவிட்டாலும் ஒன்று.

"அது றோபோதானே, விளையாடட்டும்" என்று சொல்லும் பெற்றோரைக் கண்டிருக்கிறேன். பெட்டியைப் பிடுங்கி ஒளித்துவையுங்கள் என்று அவர்களுக்குச் சொல்ல மாட்டேன். பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து இரண்டாவது ஆளாக விளையாடுங்கள். நீர்வீழ்ச்சியில் பிந்தி வருபவனுக்காக நிற்கச் சொல்லிக் கொடுங்கள். இந்தக் காட்டில் இருந்த சனம் எங்கே போனது என்று பிள்ளை ஒருநாள் கேட்டால், அதற்கான பதில் கொனாமியிடம் இல்லை, ஜேர்மன் சட்டத்திடமும் இல்லை. எங்களிடம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மறைத்தால் நாங்களும் ஒரு பதிப்பைத் தணிக்கை செய்கிறோம் என்றே அர்த்தம்.