கொழுப்பு யாருக்கு?

தமிழில் 'கொழுப்பு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று உடம்பில் சேர்வது. இன்னொன்று, சேரிக்காரன் தலை நிமிர்ந்தால் ஊர்க்காரன் வாயிலிருந்து வருவது. துண்டைத் தோளில் போட்டால் கொழுப்பு. கூலி கூடக் கேட்டால் தின்ன கொழுப்பு. 'நண்டு கொழுத்தால் வளையில் இருக்காது' என்று பழமொழி வேறு. எது வளை, அதுக்குள்ளே யார் இருக்கணும் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆண்டை வீட்டில் பெருத்த உடம்புக்கு மட்டும் இதே மொழி 'வாட்டசாட்டம்', 'பூசினாற்போல' என்று வேறு சொற்களை எடுத்து வைத்திருக்கிறது. தமிழ் எம்.ஏ.வில் சொற்பொருள் மாற்றம் என்று ஒரு பாடம் படித்தேன். இந்த மாற்றத்தை அதில் யாரும் நடத்தவில்லை.

இன்றைக்கு இந்தச் சொல் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வாரப் பத்திரிகைகளின் நலவாழ்வுப் பக்கங்களைத்தான் சொல்கிறேன். அவற்றை ஒரு இலக்கிய வகையாகவே எடுத்து வாசிக்கலாம். கதாநாயகன் நாற்பது வயது அதிகாரி. வில்லன் பரோட்டா. தீர்வு காலை நடை, ஓட்ஸ், பாதாம். குற்றம் எப்போதும் தனி மனிதனுடையது: வாயைக் கட்டவில்லை, உடம்பை அசைக்கவில்லை. கூலியும் வேலை நேரமும் ரேஷன் கடையும் இந்தக் கதைக்குள் வரவே வராது.

கணக்கு என்ன சொல்கிறது? தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 2015-16இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் எடை கூடியவர்கள். 2019-21இல் அது 40.4. ஆண்கள் 28.2இலிருந்து 37.0. அதே 2019-21 கணக்கில் ரத்தசோகையுள்ள பெண்கள் 53.4 சதவீதம். பெருத்த உடம்பும் ரத்தமில்லாத உடம்பும் ஒரே தெருவில் இருக்கின்றன, பல நேரம் ஒரே உடம்பாகவும் இருக்கின்றன. இது கொழுத்துத் திரிகிற சமூகத்தின் கணக்கா?

1989இல் சோபல், ஸ்டங்கார்ட் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஏழை நாடுகளில் பணக்காரர்தான் பருமன். பணக்கார நாடுகளிலோ ஏழைப் பெண்கள்தான் பருமன் என்றார்கள். 2004இல் பிரேசில்காரர் மொன்டெய்ரோவும் தோழர்களும் அதைத் திருத்தினார்கள்: நாடு பணக்கார நாடாகிற வரைக்கும் பருமன் காத்திருப்பதில்லை, நடுத்தர வருமானத்தைத் தொடும்போதே ஏழைப் பெண்கள் பக்கம் சாயத் தொடங்கிவிடுகிறது என்று. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் நான் பார்ப்பது இந்தச் சாய்வைத்தான்.

எங்கள் தெருவில் அம்மாக்கள் ஒல்லி, மகள்கள் கனம். இருவரும் தின்பது ஒரே சோறு. அம்மா கொல்லை வேலைக்குப் போனவள், நாற்றும் களையும் சுமையும் கண்டவள். மகள் பத்தாவது படித்தாள். அந்தப் படிப்பு அவளை வெயிலிலிருந்து எடுத்து ஷூ கம்பெனித் தையல் மிஷின் முன்னால் உட்கார வைத்தது. விடிவதற்கு முன்னால் சமையல், அப்புறம் கம்பெனி பஸ், பொழுதுக்கும் அப்பர் தைப்பது, திரும்பி வந்து மறுபடி அடுப்பு. 'எந்த நேரத்துல நடக்கறது, சொல்லு' என்று கேட்கிறாள் ஒருத்தி. படிப்பு வந்தால் விழிப்புணர்வு வரும், உடம்பு தானாக இளைக்கும் என்று எழுதுகிறவர்கள், எந்தப் படிப்பு எந்த நாற்காலியில் உட்கார வைக்கிறது என்று பார்ப்பதில்லை. மேல்படிப்பு படித்தவனுக்கு நாற்காலியோடு நேரமும் கிடைக்கிறது. பத்தாவதுக்கு நாற்காலி மட்டும்தான்.

தட்டிலும் அப்படித்தான். வட ஆற்காட்டு மேட்டு நிலத்தில் கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும்தான் கூலிக்காரர் சாப்பாடு. அதைத் தின்றதற்காகவே எங்களைக் கேலி செய்தார்கள். பாலாற்றில் தோல் கழிவைக் கலந்து நிலத்தைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்தது, கெட்ட கிணறு திரும்பவில்லை. நிலம் போன இடத்தில் ரேஷன் வந்தது. 2007 முதல் மலிவு விலைப் பருப்பும் பாமாயிலும், 2011 முதல் விலையில்லா அரிசி. இதைக் குறை சொல்ல மாட்டேன். பசியை அறியாதவர்கள்தான் இலவச அரிசியால் சோம்பேறியானார்கள் என்று பேசுவார்கள். ஆனால் அரிசியும் எண்ணெயும் மலிவு, பயறும் காயும் கறியும் விலை என்றால் தட்டு எந்தப் பக்கம் சாயும்? அதற்குள் 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக்கிவிட்டது, களி நட்சத்திர ஓட்டலுக்குப் போய்விட்டது. அந்த வருஷம் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல காரியம்.

கறிக்கு வருகிறேன். 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா அறிவித்தது. ஆடு உண்டு, கோழி உண்டு, மாடு இல்லை. தோல் பதனிடும் ஊரில், மாட்டின் தோல் ஏற்றுமதிக்குப் பெருமை, மாட்டின் கறி விழாவுக்குத் தீட்டு! தலித், முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன. மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழாவைத் தள்ளி வைத்தார்கள்.

அரசு மேடையில் நடந்தது ஆஸ்பத்திரிச் சீட்டிலும் நடக்கிறது. சர்க்கரை நோய்க்குப் போன எங்கள் தெரு அக்கா ஒருத்திக்கு அச்சடித்த உணவுப் பட்டியல் கொடுத்தார்கள். அதில் மீன் இருந்தது, தோல் நீக்கிய கோழி இருந்தது. 'பெரிய கறி துன்னலாமான்னு கேக்க வாய் வர்ல. அந்தம்மா மூஞ்சிய சுளிச்சிட்டா?' என்றாள் அக்கா. ரத்தசோகை உள்ள உடம்புக்கு இரும்புச்சத்தும் புரதமும் மலிவாகக் கிடைக்கிற வழி அது. எவ்வளவு, எந்தப் பாகம், எண்ணெய் எத்தனை என்று சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. கேட்க வேண்டியவள் கூச்சப்பட்டாள். பேலியோக்காரர்கள் கறி தின்னச் சொன்னபோது மட்டும் அது அறிவியலாகிவிட்டது.

நம் பக்கத்தையும் பேச வேண்டும். ராஜ் கௌதமனின் 'தலித் பண்பாடு' 1993இல் வந்தது. அந்தக் காலம் தொட்டே மாட்டுக்கறியை எதிர்ப்பின் அடையாளமாகப் பேசி வருகிறோம். அது தேவையான பேச்சு. 2009இல் புனேயில் ஷர்மிளா ரெகேயும் மாணவிகளும் தலித் பெண்களின் உணவு நினைவுகளைத் தொகுத்தார்கள். ஷாஹு பாட்டோளே மராட்டியத் தலித் சமையலை 2015இல் புத்தகமாக்கினார். நாமோ கூட்டத்தில் அண்டா ஏற்றிக் கறி வேகவைத்துக் கலைந்துவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமைக் கறி கவிதையாகிறது. திங்கள் முதல் சனி வரை தின்கிற வெறும் சோறும் டீயும் பன்னும் எந்தப் படைப்பிலும் இல்லை. சர்க்கரை, பிரஷர் மாத்திரை தின்கிற தலித் பாத்திரம் நம் கதைகளில் எத்தனை பேர்? நம் எழுத்தில் உடம்பென்றால் ஒன்று அடிபட்ட உடம்பு, இல்லையென்றால் பறையடிக்கிற உடம்பு.

இன்னொரு செய்தியும் இந்த மண்ணிலிருந்துதான் வந்தது. 2025 ஜனவரியில் வேலூர் சிஎம்சியில் மருத்துவர்கள் கூடி, சின்ன வயதுப் பட்டினியால் வரும் சர்க்கரை நோயைத் தனி வகை என்றார்கள். ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு அதை ஐந்தாம் வகை என்று ஏற்றது. ஒல்லி உடம்பில், கொழுப்பே இல்லாத உடம்பில் வருகிற சர்க்கரை. 'தின்னு தின்னு வந்த நோய்' என்று கேட்டுக் கூசிப்போன கூலிக்காரர்களில் எத்தனை பேர் இந்த வகையோ, யார் எண்ணினார்கள்?

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் வேண்டும் என்றது 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம். கம்பெனி கேன்டீனில் என்ன வேகிறது, தட்டு என்ன விலை, தின்ன எத்தனை நிமிஷம் விடுகிறார்கள், தண்ணீர் குடிக்க எழுந்தால் சூப்பர்வைசர் என்ன சொல்கிறார் என்று அந்தப் பெண்களிடமே கேட்டு, அவர்கள் பேச்சிலேயே எழுதி வாருங்கள். பஸ் வரும்போது கேட்காதீர்கள், ஓடிக்கொண்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போங்கள்.