ஒவ்வொரு கைக்கும் ஒரு விடை உண்டு

சீட்டாட்டங்களில் எது அழகு என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வேன்: பிளாக்ஜாக்! லாஸ் வேகாஸ் காசினோக்களில் ரூலெட் சக்கரம் சுழல்வதையும் ஸ்லாட் மெஷின்கள் மின்னுவதையும் ஆசை தீரப் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் பணத்தை வைத்த பிறகு நமக்கு வேலையே இல்லை. பிளாக்ஜாக் மேஜையில் கைக்குக் கை நம்மை ஒரு கேள்வி கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குச் சரியான விடை ஒன்று இருக்கிறது. அதை வீட்டிலேயே படித்துக்கொண்டு போகலாம். இதைவிட என்ன வேண்டும்?

விதிகளைப் பத்து நிமிடத்தில் கற்றுவிடலாம். நமக்கு இரண்டு சீட்டு, காசினோவின் சார்பில் ஆடும் டீலருக்கு இரண்டு. டீலரின் சீட்டில் ஒன்று திறந்தும் மற்றது கவிழ்ந்தும் இருக்கும். ஜாக்கி, ராணி, ராஜா மூன்றுக்கும் மதிப்பு 10. ஏஸ் 1 ஆகவும் இருக்கலாம், 11 ஆகவும் இருக்கலாம். 21-ஐத் தாண்டாமல் டீலரைவிட அதிகம் வைத்திருந்தால் வெற்றி. முதல் இரண்டு சீட்டே ஏஸும் பத்துமாக வந்துவிட்டால் அதுதான் பிளாக்ஜாக். சுமார் 21 கைக்கு ஒருமுறை வரும். இன்னொரு சீட்டு கேட்பது ஹிட், போதும் என்பது ஸ்டாண்ட், பந்தயத்தை இரட்டித்து ஒரே ஒரு சீட்டு வாங்குவது டபுள், ஜோடியை இரண்டு கையாகப் பிரிப்பது ஸ்ப்ளிட்.

டீலருக்கோ எந்தத் தேர்வும் கிடையாது. 16 வரை எடுத்தே ஆக வேண்டும், ஏஸை 11 ஆக எண்ணாத 17 வந்தால் நிறுத்தியே ஆக வேண்டும். அப்படியானால் காசினோவுக்கு லாபம் எங்கிருந்து வருகிறது? நாம் முதலில் ஆடுகிறோம். 21-ஐத் தாண்டிய நொடியே நம் பணம் போய்விடும். பிறகு டீலரும் தாண்டினால்கூட அது திரும்பி வராது. அவர்களுடைய பலம் மொத்தமும் இந்த வரிசையில்தான் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட அன்று இந்த ஆட்டத்தின் மேல் எனக்குப் பித்தே பிடித்துவிட்டது.

சரியான விடைகளை முதலில் முழுமையாகக் கணக்கிட்டவர்கள் சூதாடிகள் அல்லர். அமெரிக்க ராணுவத்தில் இருந்த நால்வர். ரோஜர் பால்ட்வின், வில்பர்ட் கேன்டி, ஹெர்பர்ட் மெய்சல், ஜேம்ஸ் மெக்டெர்மாட். மேரிலாந்தின் அபர்டீன் ராணுவ தளத்தில், மேஜைக் கணக்கு இயந்திரங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கையையும் அலசி, 1956இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்டார்கள். பின்னாளில் கணிதவியலாளர் எட்வர்ட் தோர்ப் எம்.ஐ.டி.யின் ஐபிஎம் 704 கணிப்பொறியில் அந்த வேலையை மேலும் கூர்மையாக்கி, 1962இல் ‘பீட் த டீலர்’ நூலை எழுதினார். கணிப்பொறி வந்து சரிபார்த்த பிறகும் அந்த நால்வரின் முறை பெரும்பாலும் அப்படியே நின்றது. அவர்களை நினைத்தாலே எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

அவர்கள் கொடுத்ததுதான் ‘பேசிக் ஸ்ட்ராட்டஜி’. நம் கை ஒரு பக்கம், டீலரின் திறந்த சீட்டு மறுபக்கம், நடுவே விடை. சின்ன வயதில் வாய்ப்பாடு படித்ததுபோல் இதை உரக்கச் சொல்லிச் சொல்லிப் படித்தேன். ஆனால் வெறும் மனப்பாடத்தோடு நிறுத்தாதீர்கள். காரணத்தோடு படித்தால்தான் தேன்!

டீலர் 6 காட்டுகிறாரா? அவர் 21-ஐத் தாண்டிவிட 42 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நம்மிடம் ஏஸும் ஜோடியும் இல்லாமல் 12 முதல் 16 வரை எது இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு அவரை விழவிட வேண்டியதுதான். அவரே 10 காட்டினால் கதை தலைகீழ். நம் 16-க்குச் சீட்டுக் கேட்டால் தாண்டிவிட 62 சதவீத வாய்ப்பு. ஆனாலும் சும்மா இருப்பதைவிடக் கேட்பதே மேல். 11 வந்து டீலர் 6 காட்டினால் தயங்காமல் டபுள். ஏஸ் ஜோடியையும் எட்டு ஜோடியையும் எப்போதும் பிரிக்க வேண்டும். பத்து ஜோடியையும் ஐந்து ஜோடியையும் ஒருபோதும் பிரிக்கக் கூடாது. டீலரின் பத்துக்கு எதிரே எட்டு ஜோடி வந்தால் எப்படி ஆடினாலும் நஷ்டம்தான். பிரித்தால் நஷ்டம் குறைகிறது. இதுதான் இந்தக் கலையின் உயிர்: நல்ல கையில் அதிகம் எடு, கெட்ட கையில் குறைவாகக் கொடு.

எனக்கு மிகவும் பிடித்த கை ஏஸும் ஏழும். கூட்டினால் 18. டீலர் 9 காட்டினால் யாருக்கும் நிறுத்தத்தான் மனம் வரும். விடையோ ‘ஹிட்’! அந்த இடத்தில் 18 போதாது; ஏஸ் 1 ஆக மாறிக்கொள்ளும் என்பதால் அடுத்த சீட்டில் தாண்டிவிடும் பயமும் இல்லை. இந்தக் கையை முதன்முதலாகப் புரிந்து ஆடியபோது உடம்பு சிலிர்த்தது.

டீலர் ஏஸ் காட்டி ‘இன்ஷூரன்ஸ்’ வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று தலையசைத்துவிடுங்கள். அது டீலரிடம் பிளாக்ஜாக் இருக்கிறது என்று வைக்கும் தனிப் பந்தயம்; இருந்தால் ஒன்றுக்கு இரண்டு கொடுப்பார்கள். ஆனால் கவிழ்ந்த சீட்டு பத்தாக இருக்கும் வாய்ப்பு பதின்மூன்றில் நான்குதான். கணக்கு நமக்கு எதிரானது.

உட்காரும் முன் மேஜை விரிப்பில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பிளாக்ஜாக்குக்கு 3:2 என்றிருந்தால் பத்து டாலருக்குப் பதினைந்து கிடைக்கும். 6:5 என்றிருந்தால் பன்னிரண்டுதான். அந்த மேஜையைத் தாண்டி நடங்கள். சீட்டு வேண்டுமானால் விரலால் மேஜையைத் தட்ட வேண்டும், போதுமென்றால் உள்ளங்கையைக் கிடையாக அசைக்க வேண்டும். மேலிருக்கும் கேமராவுக்கு அது தெரிய வேண்டும் என்பதற்காக இந்த வழக்கம். விடை அட்டவணையைச் சிறு அட்டையாகக் காசினோ கடைகளிலேயே விற்கிறார்கள். அதை மேஜையில் வைத்துப் பார்த்தபடியே ஆடலாம். பரீட்சை ஹாலில் கோனார் உரைக்கு அனுமதி!

இத்தனை கற்றாலும் காசினோவின் கை சற்று மேலேதான் இருக்கும். நல்ல விதியுள்ள மேஜையில் அது சுமார் அரை சதவீதம். இரட்டைப் பூஜ்யம் உள்ள அமெரிக்க ரூலெட்டில் 5.26 சதவீதம். பிளாக்ஜாக்கில் பதினைந்து டாலர் வீதம் எழுபது கை ஆடினால், சராசரி நஷ்டம் ஐந்து டாலர் சொச்சம். ஒரு மாலையில் நூறு போகலாம், நூறு வரவும் செய்யலாம். போனாலும் கவலையில்லாத பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். இதைப் பிழைப்பாக நினைக்காதீர்கள்.

சீட்டு எப்படி விழும் என்பது யார் கையிலும் இல்லை. ஆனால் விழுந்த சீட்டுக்குச் செய்யத்தக்கதைச் செய்தேன் என்ற நிறைவு, தோற்ற கையிலும் எனக்குக் கிடைக்கிறது. வேறெந்த ஆட்டமும் இதை எனக்கு இவ்வளவு தெளிவாகத் தந்ததில்லை. ஒரு சீட்டுக்கட்டை எடுங்கள், அட்டவணையைப் பக்கத்தில் வையுங்கள், உங்களுக்கு நீங்களே போட்டு ஆடிப் பாருங்கள். காசினோவுக்கே போகாவிட்டாலும் பரவாயில்லை; சமையலறை மேஜையிலேயே இந்த ஆட்டம் உங்களை மயக்கிவிடும்!