தோணிக்காரரின் மனைவி

வேட்டையில் நீங்கள் துரத்துகிற கலைமான் ஓட்டத்தை நிறுத்தித் திரும்பி, நீ ஒருநாள் உன் அப்பா அம்மாவையே கொல்லப்போகிறாய் என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? ஜூலியன் என்ற பிரபு வீட்டுப் பையன் அதற்கப்புறம் வீட்டுக்கே போகவில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தூர தேசத்துக்கு ஓடிப்போனான். நல்ல பிள்ளை. ஆனால் சாபத்துக்குப் பயந்து ஓடின பிள்ளைகள் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பது ஈடிபஸ் கதை தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இந்தக் கதை இருப்பது 'லெஜெண்டா ஔரியா' என்ற லத்தீன் புத்தகத்தில். தமிழில் 'பொற்புராணம்' என்று வைத்துக்கொள்ளலாம். யாகோபுஸ் என்ற டொமினிக்கன் துறவி (பிற்பாடு ஜெனோவாவின் பேராயர் ஆனவர்) 1260-களில் தொகுத்தது. அச்சு வராத காலத்திலேயே கையால் எழுதி எழுதி ஐரோப்பா முழுக்கப் பரவி, இன்றைக்கும் ஆயிரத்தை ஒட்டி கையெழுத்துப் பிரதிகள் மிஞ்சியிருக்கின்றன. 1483-ல் காக்ஸ்டன் அதை இங்கிலீஷில் அச்சடித்தார். ஒரு வேடிக்கை. ஜூலியன் என்ற பெயரில் எத்தனை புனிதர்கள் கிடைத்தார்களோ அத்தனை பேரையும் ஒரே அத்தியாயத்தில் போட்டுவிட்டு, கடைசியில் கிறிஸ்தவத்தை உதறிய ரோமச் சக்கரவர்த்தி ஜூலியனையும் சேர்த்திருக்கிறார் யாகோபுஸ். பெயர் ஒன்றாக இருக்கிறதே, விட மனசில்லை போலிருக்கிறது.

நம் ஜூலியனுக்கு வருவோம். ஊரும் காலமும் கிடையாது. அப்படி ஒருவர் இருந்ததற்கு ஆதாரமும் கிடையாது. ஓடிப்போனவன் ஓர் அரசனிடம் வீரனாகச் சேர்ந்து, நல்ல பெயர் எடுத்து, ஒரு கோட்டைக்காரியைக் கல்யாணம் செய்துகொள்கிறான். பிள்ளையைத் தேடி ஊர் ஊராக அலைந்த பெற்றோர் ஒருநாள் அந்தக் கோட்டைக்கே வந்து நிற்கிறார்கள். ஜூலியன் வெளியூர் போயிருக்கிறான். மருமகள் விசாரித்து, யாரென்று புரிந்துகொண்டு, உபசரித்து, தங்கள் படுக்கையிலேயே அவர்களைத் தூங்கவைக்கிறாள். விடிந்ததும் கோயிலுக்குப் போகிறாள். அந்த நேரம் பார்த்து ஜூலியன் திரும்புகிறான். படுக்கையில் இரண்டு பேர். மனைவியும் கள்ளக்காதலனும் என்று முடிவு கட்டி, சத்தமில்லாமல் வாளை உருவி இரண்டு பேரையும் வெட்டிவிட்டு வெளியே வந்தால், எதிரே மனைவி பூசை முடிந்து வந்துகொண்டிருக்கிறாள்!

விசாரிக்காமல் வெட்டுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பது மதுரை எரிந்த கதை கேட்டு வளர்ந்த நமக்குப் புதிதல்ல. இங்கே இன்னொன்றும் இருக்கிறது. பெற்றோரைக் கொல்வான் என்று மான் சொன்னது உண்மை. மனைவியைச் சந்தேகப்படுவான் என்று மான் சொல்லவில்லை. அது முழுக்க முழுக்க ஜூலியனின் சொந்தச் சரக்கு. அப்பா அம்மாவை அவன் தெரியாமல் கொன்றான், சரி. ஆனால் மனைவியை, மனசுக்குள், தெரிந்தேதான் கொன்றான். அவள் உயிரோடு இருப்பதற்கு ஒரே காரணம், அன்றைக்குக் காலையில் கோயிலுக்குப் போனது.

இது அவளுக்குப் புரியாமலா இருக்கும்? யாகோபுஸ் இதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. ஜூலியன் அழுது புலம்பி, கடவுள் என் பரிகாரத்தை ஏற்றுக்கொள்ளும்வரை ஓயமாட்டேன் என்று விடைபெறுகிறான். உன்னைத் தனியே விடமாட்டேன், சந்தோஷத்தில் பங்கு இருந்தது, துக்கத்திலும் பங்கு உண்டு என்று அவளும் கிளம்பிவிடுகிறாள். அவ்வளவுதான். பதிவிரதை என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். எனக்கு மனசு வரவில்லை. தனக்காக உருவப்பட்ட வாள் அது என்று தெரிந்த ஒருத்தி அதே ஆளோடு நடக்கிறாள்.

பெரிய ஆறு ஒன்றின் கரையில், பலபேர் கடக்கும்போது செத்துப்போகிற இடமாகப் பார்த்து, இருவரும் சத்திரம் கட்டித் தோணி விடுகிறார்கள். பரிகாரம் என்றால் சாட்டையடி, பட்டினி, குகைவாசம் என்றிருந்த காலத்தில் எத்தனை உபயோகமான யோசனை! இதே காலகட்டத்து இன்னொரு கதை, 1190-ஐ ஒட்டி ஹார்ட்மன் ஃபான் ஔவெ ஜெர்மனில் பாடிய 'கிரெகோரியுஸ்'. தெரியாமல் தன் தாயையே மணந்தவன், காலில் விலங்கோடு பாறைமேல் 17 வருஷம் கிடந்து, பிறகு போப்பாண்டவர் ஆகிறான். 1951-ல் தாமஸ் மன் இதை நாவலாக்கினார். பிரமாதமான கதைதான். ஆனால் அந்த 17 வருஷத்தில் அவனால் ஒரு ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் கிடைத்திருக்குமா? எனக்குத் தோணிக்காரன்தான் உசத்தி.

ஜூலியன் கதையை உலகத்துக்குத் தெரியவைத்தவர் ஃப்ளாபேர். 1875-ல் தங்கை மகளின் கணவருடைய வியாபாரம் நொடித்துப்போய், அவர்களைக் காப்பாற்றச் சொத்தை விற்று, மனசொடிந்திருந்த நேரத்தில் எழுத ஆரம்பித்தார். 1877-ல் 'மூன்று கதைகள்' தொகுப்பில் வந்தது. இதில் ஜூலியன் சும்மா வேட்டைக்காரன் இல்லை, ரத்த வெறியன். சின்ன வயசில் கோயிலில் ஒரு எலியைக் கொல்வதில் ஆரம்பித்து, ஒரு பள்ளத்தாக்கு நிறைய மான்களைக் கொன்று தீர்ப்பதுவரை போகிறான். கொலைகாரன் எப்படி உருவாகிறான் என்பதை இப்படி எழுத இன்னொருவர் பிறக்கவேண்டும். கடைசிக் காட்சியில் குளிரில் நடுங்கும் தொழுநோயாளியைத் தன் வெற்றுடம்போடு அணைத்துச் சூடேற்றுகிறான். அந்த நோயாளிதான் ஏசு. படித்துவிட்டு அன்றைக்குச் சரியாகத் தூங்கவில்லை.

ஆனால் ஃப்ளாபேர் ஒரு காரியம் செய்துவிட்டார். மனைவியைக் கோட்டையிலேயே விட்டுவிட்டார். கொலைக்குப் பிறகு, அடக்கத்துக்கு என்னென்ன செய்யவேண்டும் என்று அவளுக்கு உத்தரவு போட்டுவிட்டுத் தனியே போய்விடுகிறான் ஜூலியன். பாவமும் அவனுடையது, மோட்சமும் அவனுடையது. கலைஞனின் தனிமை, பத்தொன்பதாம் நூற்றாண்டு, எல்லாம் புரிகிறது. இருந்தாலும் ஒரு துறவி நாலு வரியில் பார்த்ததை மகா எழுத்தாளர் முப்பது பக்கத்தில் தவறவிட்டார் என்றே சொல்வேன்.

கதையின் கடைசியில், எங்கள் ஊர்க் கோயில் ஜன்னலில் இருக்கிற கதைதான் இது என்கிறார் ஃப்ளாபேர். ரூவான் தேவாலயத்தில் இருக்கும் பதிமூன்றாம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடி அது. அந்தப் படத்தையும் புத்தகத்தோடு சேர்த்து அச்சிட வேண்டும் என்று பதிப்பாளருக்கு எழுதினார். படத்துக்கும் கதைக்கும் உள்ள தூரத்தைப் பார்த்து, இதிலிருந்தா அதை எடுத்தார் என்று ஜனங்கள் திகைக்கட்டும் என்பது அவர் ஆசை. குசும்புதான்.

'மூன்று கதைகள்' இங்கிலீஷில் சுலபமாகக் கிடைக்கிறது. ஜூலியனுக்கு ஒரு சாயங்காலம் போதும். முடித்துவிட்டு ரூவான் ஜன்னலின் படத்தையும் தேடிப் பாருங்கள். மனைவி அதில் இருக்கிறாள். யாகோபுஸின் கதையிலும், நள்ளிரவுப் பனியில் வந்த நோயாளி ஒளியாக மாறி மேலே போகும்போது பரிகாரம் ஏற்கப்பட்டது என்று சொல்லிவிட்டு, சீக்கிரமே இளைப்பாறப்போகிறவர்கள் என்று குறிப்பிடுவது இரண்டு பேரையும்தான்.